பிள்ளைகளுக்குப் பழைய கதை வாசிக்கும்போது வரும் புண்படுத்தும் சொற்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கம் சாயங்கால ட்யூஷன் எடுப்பவர்கள், ஞாயிற்றுக்கிழமை ஹவுசிங் போர்டு மொட்டை மாடியில் கதை வாசிப்பவர்கள், வீட்டில் பிள்ளைக்குப் புத்தகம் படித்துக் காட்டும் அம்மா அப்பாக்கள் என எல்லோரும் சுற்றிச் சுற்றி ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். பதில்கள் என்னுடையவை. ஒத்துவராத இடத்தில் சண்டை போடலாம்.

"எந்த மாதிரி சொல்லைப் பத்தி பேசுறீங்க? கெட்ட வார்த்தையா?"

இல்லை. கெட்ட வார்த்தை எது என்று நம் தெருப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கதைப் புத்தகத்தில் அது வருவதும் அபூர்வம். எழுதிய காலத்தில் யாரும் கவனிக்காமல் கடந்துபோன, இன்று கேட்டால் உட்கார்ந்திருக்கும் ஒருவர் கூசிப்போகிற சொற்களைத்தான் சொல்கிறேன். சாதிப் பெயரை வசவாக்குவது, உடல் குறையையே ஆளின் பெயராக்குவது, 'துலுக்கன்', 'அலி' என்பது, ஆப்பிரிக்க வம்சாவளியினரை 'நீக்ரோ' என்பது எல்லாம் இதில் சேரும்.

"வம்பே வேணாம், பழைய புக்கையே தொடாம விட்டா இன்னா?"

தினசரி வாசிப்புக்குப் புதிய புத்தகங்களை எடுங்கள் என்றுதான் நானும் சொல்வேன். இப்போது தமிழில் பிள்ளைகளுக்கு நல்ல புத்தகங்கள் வருகின்றன. ஆனால் பழையதை முழுக்கத் தள்ளினால் ஆத்திசூடி போகும், பாரதியார் போவார், நந்தனார் போவார், தெனாலிராமன், மரியாதைராமன் கதைகளில் பாதி போகும். நீங்கள் தள்ளினாலும் அவை பள்ளிக்கூடம் வழியாகவும் ஆயா வாய் வழியாகவும் வந்து சேரும். அப்போது பக்கத்தில் நீங்கள் இருக்க மாட்டீர்கள்.

"முன்னாடியே படிச்சுப் பாக்கணுமா? வேலை முடிஞ்சு வரவே ஏழு மணி ஆகுது."

பார்க்கத்தான் வேண்டும். முழுசாகப் படிக்க நேரமில்லை என்றால் சில இடங்களை மட்டும் புரட்டுங்கள். திருடன் அறிமுகமாகும் இடம், பிச்சைக்காரர் வரும் இடம், ராஜசபையில் எல்லோரும் சிரிக்கும் இடம், வண்ணாரோ நாவிதரோ செம்படவரோ வரும் இடம். வில்லங்கம் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். பென்சிலால் ஓரத்தில் ஒரு கோடு போட்டு, என்ன சொல்லப் போகிறீர்கள் என்பதையும் எழுதி வையுங்கள். வாசிக்கும்போது அந்த இடத்தில் தடுமாறினால், பிள்ளைகள் அந்தத் தடுமாற்றத்தைத்தான் பிடித்துக்கொள்வார்கள்.

"அந்தச் சொல்லு வந்தா தாண்டணுமா, மாத்தணுமா, அப்படியே படிக்கணுமா?"

அதை எடுத்துவிட்டால் கதை நிற்குமா என்று பாருங்கள். 'ஒரு குருட்டுப் பிச்சைக்காரன் வந்தான்' என்ற வரியில் அவர் கண்ணுக்கும் கதைக்கும் சம்பந்தமே இல்லை என்றால் 'பிச்சை கேட்டு ஒருவர் வந்தார்' போதும். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். கதைக்குச் சம்பந்தம் உண்டென்றால் 'கண் தெரியாத ஒருவர்'.

ஒரு பாத்திரம் இன்னொருவரை அவமானப்படுத்துவதுதான் கதையே என்றால், தாண்டிப்போவது பொய் சொல்வதாகிவிடும். அங்கே வசவை வாயால் சொல்லாமல், நடந்ததைச் சொல்லுங்கள்: 'அவரைச் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டினார்.' சொல்லை மறைக்கலாம், நடந்ததை மறைக்கக் கூடாது. கீழே வரும் பதில்களில் பாதிக்கு மேல் இதிலிருந்து வருபவைதான்.

அப்படியே படிப்பது கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு. ஏழாவது எட்டாவது படிப்பவர்கள், புத்தகத்தைத் தாங்களே கையில் வைத்திருப்பவர்கள். அவர்கள் கண் முன்னால் அச்சில் இருப்பதை நீங்கள் மாற்றி வாசித்தால் 'மிஸ், தப்பா படிக்கிறீங்க' என்று ஒரு குரல் வரும்.

"கெட்ட சொல் ஒண்ணுமே இல்ல. ஆனா ராஜா 'வந்தார்', வண்ணார் மட்டும் 'வந்தான்'னு இருக்கே?"

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. தமிழில் வசவு இல்லாமலேயே ஒருவரைக் கீழே உட்கார வைக்க முடியும். வினைமுற்றின் கடைசி எழுத்து போதும். சாதிச் சொல்லைக் கண்டால் உஷாராகிவிடும் நாம் இதைக் கவனிப்பதேயில்லை. ஆனால் சலவைத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கு அது கேட்கும். வண்ணாரப்பேட்டை என்று ஊருக்கே பேர் இருக்கிற பக்கம் நாம் இருக்கிறோம். கம்பெனிக் காலத்தில் துணி வெளுத்தவர்கள் குடியிருந்த இடம்.

'ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தான்' என்று ராஜாவையும் 'ன்' போட்டுச் சொல்லும் கதைகள் உண்டு. அங்கே எல்லோரும் ஒரே வரிசையில் இருப்பதால் பாதகமில்லை. ராஜாவுக்கு 'ர்', உழைப்பாளிக்கு 'ன்' என்று வந்தால் இருவருக்கும் 'ர்' போட்டுவிடுங்கள். திருடனுக்கு? திருடனை 'ன்'னிலேயே விடுவேன். பிள்ளைகள் கேட்டால் மாற்றிக்கொள்ளலாம்.

"குருடன், நொண்டி, ஊமைன்னு சொல்றதெல்லாம் சாதாரணம்தானே? இதுக்கு இன்னா இவ்ளோ?"

தமிழ்நாட்டில் 'ஊனமுற்றோர்' என்ற சொல்லையே அரசு கைவிட்டு 'மாற்றுத்திறனாளிகள்' என்றாக்கியாயிற்று. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. கண்ணும் காலும் மட்டுமல்ல. படிப்பதில் சிரமம், தலசீமியா போன்றவையும் அதில் உண்டு. உங்கள் பாயில் உட்கார்ந்திருப்பவர்களில் அப்படி ஒரு பிள்ளை இருக்கக்கூடும்.

இரட்டைப்புலவர் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்குக் கண் தெரியாது, ஒருவருக்கு நடக்க வராது. நடக்க முடியாதவர் தோளில் ஏறி வழி காட்ட, மற்றவர் சுமந்து நடப்பார். வெண்பாவில் பாதியை ஒருவர் பாட மீதியை மற்றவர் முடிப்பார். இந்தக் கதையில் குறையைச் சொல்லாமல் இருக்க முடியாது, சொல்லவும் வேண்டும். ஆனால் 'குருடரும் நொண்டியும்' என்று ஆரம்பிப்பதற்குப் பதில் 'இரண்டு புலவர்கள் இருந்தார்கள்' என்று ஆரம்பியுங்கள். அவ்வளவுதான் வித்தியாசம். பிள்ளைகள் நொண்டி அடித்து விளையாடுவதை எல்லாம் போய்த் தடுக்காதீர்கள்.

"ஆத்திசூடில 'தையல் சொல் கேளேல்'னு வருது. என் பொண்ணு 'பொம்பளை பேச்சைக் கேக்காதன்னா, அப்ப அவ்வையார் பேச்சையும் கேக்கக் கூடாதா?'ன்றா. இன்னா சொல்ல?"

பெண்ணுக்கு ஒரு சபாஷ் சொல்லுங்கள், அதற்குப் பிறகு பதில். உரையாசிரியர்கள் சிலர் இதற்கு எப்படியெல்லாமோ வளைத்துப் பொருள் சொல்லியிருக்கிறார்கள். அந்த வளைப்பு பிள்ளைகளிடம் செல்லாது. அந்தக் காலத்தில் பெண்களைப் பற்றி அப்படி நினைத்தார்கள், படித்த ஒரு பெண் எழுதியதிலும் அது இருக்கிறது என்று நேராகச் சொல்லிவிடலாம். கொன்றை வேந்தனில் 'பேதைமை என்பது மாதர்க்கு அணிகலம்' என்றும் ஒரு வரி உண்டு. அதற்கும் இதே பதில்தான்.

பிறகு பாரதியாரின் புதிய ஆத்திசூடியை எடுத்து வையுங்கள். அதில் 'தையலை உயர்வு செய்' என்று வருகிறது. இரண்டையும் அடுத்தடுத்து வாசித்தால் விளக்கம் அதிகம் தேவைப்படாது. பழைய நூலுக்கு இன்னொரு பழைய நூலே பதில் சொல்லும் இடம் கிடைத்தால் நான் வாயை மூடிக்கொள்வேன்.

"பாரதியார்னு சொல்றீங்க, அவர் பாட்டுலயே சாதிப் பேரு வருதே?"

வருகிறது. 'வந்தே மாதரம்' பாட்டில் 'ஈனப் பறையர்களேனும் அவர் எம்முடன் வாழ்ந்திங்கு இருப்பவர் அன்றோ' என்கிறார். எல்லோரும் ஒன்று என்று சொல்ல வந்த வரி. ஆனால் கூட ஒட்டியிருக்கும் 'ஈன' என்ற அடை, அந்தக் காலத்துப் பார்வையையும் சேர்த்தே தூக்கிக்கொண்டு வருகிறது. நல்ல எண்ணம் இருந்தது என்பதற்காக அந்த வரி நம் மொட்டை மாடியில் இதமாகக் கேட்டுவிடாது.

சின்னப் பிள்ளைகளுக்கு வேறு பாட்டு பாடுங்கள். 'சாதிகள் இல்லையடி பாப்பா' இருக்கிறது. பெரியவர்களுக்கு இதே வரியைக் கொடுத்து, எந்தச் சொல் இடிக்கிறது என்று கேளுங்கள். பாரதியார் 1921-இல் இறந்தார். அடுத்த ஆண்டே, 1922-இல், சென்னை சட்டசபையில் எம்.சி.ராஜா கொண்டுவந்த தீர்மானத்தின்படி 'பறையர்', 'பஞ்சமர்' என்ற பெயர்களுக்குப் பதிலாக 'ஆதிதிராவிடர்' என்பதை அரசு ஏற்றது. அந்தப் பெயரை மாற்றக் கேட்டவர்கள், அந்தப் பெயரால் அழைக்கப்பட்டவர்கள். இதையும் அதே மூச்சில் சொல்லுங்கள்.

"'அரிஜன்'னா மரியாதையான சொல்தானே?"

காந்தி மரியாதை என்று நினைத்துத்தான் பயன்படுத்தினார். 1933-இல் அந்தப் பெயரில் பத்திரிகையே தொடங்கினார். அம்பேத்கர் ஏற்கவில்லை. அழைக்கப்படுகிறவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். பழைய புத்தகத்தில் வந்தால் 'தலித்' அல்லது 'ஆதிதிராவிடர்' என்று வாசியுங்கள்.

"ஆனா இரட்டைமலை சீனிவாசனே 'பறையன்'னு பத்திரிகை நடத்துனாராமே? அப்ப நாம சொன்னா மட்டும் தப்பா?"

நடத்தினார். 1893-இல், இதே சென்னையில். எதை வைத்து ஏசினார்களோ அதையே பெயர்ப்பலகையாக மாட்டி, அதன் கீழ் நின்று உரிமை கேட்டார். அது அவர் எடுத்த முடிவு. அதே காலத்தில் அயோத்திதாசர் அந்தப் பெயரையே வேண்டாம் என்றார். 'பூர்வத் தமிழர்' என்று சொல்லச் சொன்னார். ஒரே தலைமுறையில், ஒரே ஊரில், அதே மக்களுக்குள்ளேயே இரண்டு பதில்கள். ஒன்பதாவது பத்தாவது பிள்ளைகளுக்கு இந்த விவாதத்தை விட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

வெளியில் நிற்கும் ஒருவர் அந்தப் பத்திரிகையின் பெயரைச் சொல்வது தகவல். அதே சொல்லால் ஓர் ஆளைக் கூப்பிடுவது வேறு. 'அவரே சொன்னார்' என்பது நமக்குக் கிடைத்த சான்றிதழ் ஆகாது.

"நந்தனார் கதையை எப்படித்தான் சொல்றது? சொன்னாலும் கஷ்டம், விட்டாலும் கஷ்டம்."

முதலில் எந்த நந்தனார் என்று முடிவு செய்யுங்கள். 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் என்ற பெயரில் வரும் நந்தனார், ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த சிவபக்தர், ஆதனூர்க்காரர். கோயில் பேரிகைகளுக்குத் தோலும் வாரும் கொடுப்பவர். திருப்புன்கூரில் அவருக்காக நந்தி விலகுகிறது. அவரைத் திட்டி, தடுத்து, வயலில் மாடாக உழைக்கச் சொல்லும் பண்ணையார் வேதியர் அதில் இல்லவே இல்லை. அவர் 19-ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் கீர்த்தனைகளாகப் பாடியபோது வந்து சேர்ந்தவர். நாம் கேட்டு வளர்ந்த வசவுகள் பெரும்பாலும் அந்தப் பண்ணையார் வாயிலிருந்து வருபவை.

அந்த வசவுகளுக்கு மேலே சொன்ன முறையே போதும். உண்மையான சிக்கல் முடிவில்தான். தில்லையில், அதாவது சிதம்பரத்தில், நெருப்புக்குள் இறங்கி, பூணூலோடு முனிவர் கோலத்தில் வெளியே வருகிறார். 'அவர் சுத்தமாத்தானே இருந்தார், எதுக்கு நெருப்புல இறங்கணும்?' என்று ஒரு பிள்ளை கேட்கும். கேட்காவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். 'சாமியே கூப்பிட்டார்' என்று மூடிவிடாதீர்கள். கூப்பிட்ட சாமி, கதவைத் திறக்கச் சொல்லாமல் ஏன் இவரை மாற்றச் சொன்னது என்பதுதான் பலரும் இன்றுவரை கேட்கும் கேள்வி. அது இன்னும் தீரவில்லை என்று சொல்லிவிட்டு, அடுத்த வாரம் பேசலாம் என்று விட்டுவிடலாம். ஒன்றிரண்டாவது படிக்கும் பிள்ளைகளுக்கு நந்தி விலகியதோடு நிறுத்திக்கொள்வேன்.

"'துலுக்கன்', 'சேட்டு', 'சட்டைக்காரன்' இதெல்லாம் கூடவா?"

ராயபுரத்தில் முஸ்லிம் பிள்ளைகளும் பெரம்பூரில் 'சட்டைக்காரன்' என்று சொல்லப்படும் ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளும் சவுகார்பேட்டையில் மார்வாடிப் பிள்ளைகளும் நம்மோடு படிக்கிறார்கள். கூடத்தான். பழைய ராஜா கதையில் 'துலுக்கர் படை' என்று வந்தால் 'சுல்தானின் படை' என்றால் கதைக்கு ஒரு குறையும் இல்லை. படையெடுத்து வந்தது ஓர் அரசர், பக்கத்து வீட்டு பாய் இல்லை.

"'சேரி'ன்னு புக்ல வந்தா பசங்க ஹவுசிங் போர்டு பசங்களைப் பாத்து சிரிக்குதுங்க."

சொல்லைவிட அந்தச் சிரிப்புதான் உடனடிப் பிரச்சினை. வாசிப்பை நிறுத்தி, 'என்ன சிரிப்பு?' என்று சாதாரணமாகக் கேளுங்கள். பெரும்பாலும் பதில் வராது, அதுவே போதும். சிரித்தவனைத் திட்டினால் அந்தச் சொல்லுக்கு இன்னும் மவுசு கூடும்.

பிறகு ஊர்க் கதையைச் சொல்லுங்கள். 1970-இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம், 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆனது. 'காலனி' என்ற சொல் வசவாகிவிட்டதால் அரசு ஆவணங்களிலிருந்து அதை நீக்கப்போவதாக 2025-இல் சட்டசபையில் முதல்வர் அறிவித்தார். ஒரு குடியிருப்பின் பெயர் எப்படி வசவாகிறது என்பது நம் பிள்ளைகளுக்கு எந்தப் புத்தகமும் இல்லாமலே தெரியும். பேசவிட்டால் அவர்களே சொல்வார்கள். பெயர்ப்பலகையை மாற்றினால் தண்ணீர் லாரி நேரத்துக்கு வருமா என்று ஒரு பையன் கேட்டான். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

"'கருப்பர் நகரம்'னு மெட்ராஸ் வரலாறுல வருது. 'அப்ப நாம எல்லாம் கருப்பரா?'ன்னு கேக்குதுங்க."

கோட்டைக்குள் இருந்த பகுதியை வெள்ளையர் நகரம் என்றும், வெளியே நம்மவர்கள் இருந்ததைக் கருப்பர் நகரம் என்றும் கம்பெனிக்காரர்கள் குறித்தார்கள். 1911-இல்தான் அது ஜார்ஜ் டவுன் ஆனது. இங்கே மாற்றவே மாற்றாதீர்கள், அப்படியே வாசியுங்கள். இது ஓர் ஆளை நோக்கிய வசவு இல்லை. வரைபடத்தில் எழுதி வைத்த பிரிவினை. அதை மறைத்தால் வரலாறு புரியாது. 'யார் வைத்த பேர்?' என்று திருப்பிக் கேட்டால் போதும்.

"இங்கிலீஷ் கதைல வர்றதுக்கு? அங்க புக்கையே திருத்துறாங்களாமே?"

மார்க் ட்வைனின் ஹக்கிள்பெரி ஃபின் நாவலில் கறுப்பின மக்களை இழிவாகக் குறிக்கும் சொல் இருநூறு தடவைக்கு மேல் வருகிறது. 2011-இல் அமெரிக்காவில் ஒரு பதிப்பு அதை எல்லாம் 'அடிமை' என்று மாற்றி வெளியிட, பெரிய சண்டை நடந்தது. 2023-இல் ரோல்ட் டால் கதைகளில் 'குண்டு' போன்ற சொற்களைப் பதிப்பகம் மாற்றியபோது மறுபடி சண்டை. கடைசியில் பழைய வடிவமும் கிடைக்கும் என்று அறிவித்தார்கள்.

நம் வேலை அதுவல்ல. அச்சில் திருத்தினால் அடுத்து வாங்குபவர் எல்லோருக்கும் திருத்தப்பட்டதுதான் கிடைக்கும். வாயால் மாற்றி வாசித்தால் புத்தகம் அப்படியே அலமாரியில் இருக்கிறது; பிள்ளை பெரியவனானதும் எடுத்துப் பார்க்கலாம். அதனால்தான் வாசிக்கும்போது தாராளமாக மாற்றச் சொல்லும் நான், புத்தகத்தில் கறுப்பு மை பூசி அழிக்கச் சொல்ல மாட்டேன். 'நீக்ரோ' என்று பழைய தமிழ் மொழிபெயர்ப்புகளில் வந்தால் 'கறுப்பினத்தவர்' என்று வாசியுங்கள்.

"எங்க ஆயா கதை சொல்லும்போது இந்தச் சொல்லெல்லாம் சரளமா வருது. பெரியவங்களை எப்படித் திருத்துறது?"

பிள்ளைகள் முன்னால் திருத்தாதீர்கள். பின்னி மில் கதையை, 1921 வேலைநிறுத்தத்தையும் புளியந்தோப்புக் கலவரத்தையும், தன் பெரியவர்களிடம் கேட்டபடி சொல்லும் ஓர் ஆயா, அவர்கள் பேசிய சொல்லிலேயேதான் சொல்வார். தொழிலாளர்களே சாதியாகப் பிரிந்து அடித்துக்கொண்ட கதை அது. அவர் சொல்லி முடிக்கட்டும். பிள்ளையிடம் தனியாக, 'ஆயா காலத்துல அப்படிச் சொல்வாங்க, நாம சொல்றதில்ல' என்றால் போதும். ஆயா தன் பக்கத்து ஆட்களையே அந்தப் பெயரால் சொல்கிறார் என்றால், இரட்டைமலை சீனிவாசன் பற்றிய பதிலைப் பாருங்கள்.

"நான் வாசிக்கிற இடத்துல அந்தச் சாதிப் புள்ள ஒரே ஒருத்தன்தான். எல்லாரும் அவனைத் திரும்பிப் பாத்தா?"

அப்படியானால் அந்தக் கதையை அங்கே வாசிக்காதீர்கள், குறைந்தது ஆரம்பத்தில். மற்ற பிள்ளைகள் பாடம் கற்க அவன் செலவாகக் கூடாது. வாசித்தே ஆகவேண்டிய பாடம் என்றால் அவன் வீட்டில் முன்கூட்டிச் சொல்லுங்கள். வாசிக்கும்போது நீங்கள் அவனைப் பார்க்காதீர்கள், 'உனக்கு என்ன தோணுது' என்று கேட்காதீர்கள்.

வரிசையும் முக்கியம். அடிபட்ட கதையை முதலில் கேட்ட பிள்ளை, தன் ஆட்கள் அடிபட்டவர்கள் என்று மட்டுமே தெரிந்துகொள்ளும். எம்.சி.ராஜா, அயோத்திதாசர், அம்பேத்கர் கதைகள் முதலில் வரட்டும்.

"அந்தப் பேரைச் சொன்னதுக்கு கேஸ் போட்டுருவாங்களா?"

1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பட்டியல் சாதி, பழங்குடியைச் சேர்ந்த ஒருவரைப் பொதுமக்கள் பார்வையில் இழிவுபடுத்துவதையும் சாதிப் பெயரால் ஏசுவதையும் பற்றியது. கதை வாசிப்பது ஏசுவது ஆகாது. ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பலர், வழக்கு வராது என்று தெரிந்தால் சொல்லிவிடலாம் என்ற நினைப்பில் கேட்கிறார்கள். அவர்களுக்கு முந்தைய பதிலைப் படிக்கச் சொல்வேன்.

"நானே அந்தச் சாதிதான். நான் வாசிக்கும்போதும் மறைக்கணுமா?"

உங்கள் வாய், உங்கள் முடிவு. வெளியாள் நான் அதில் விதி போட முடியாது. ஒன்று மட்டும் கவனியுங்கள்: நீங்கள் சொன்னதைக் கேட்ட மற்றப் பிள்ளைகள் 'மிஸ்ஸே சொன்னாங்க' என்று தெருவுக்கு எடுத்துப் போவார்கள். போனால் என்ன செய்வீர்கள் என்பதை முன்னாலேயே யோசித்து வையுங்கள்.

"கதை முடிஞ்சதும் 'அக்கா, நீங்க இன்னா சாதி?'ன்னு கேட்டுட்டா?"

கேட்பார்கள். 'எனக்குச் சாதியே இல்லை' என்று சொல்லத் தோன்றும். எந்தச் சாதியில் பிறந்தீர்கள் என்பது உங்கள் பேச்சிலும் நீங்கள் குடியிருக்கும் தெருவிலும் தெரிந்துவிடும். பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். சொல்ல விரும்பினால் உண்மையைச் சொல்லுங்கள். விரும்பாவிட்டால் 'நான் சொல்றதில்லப்பா' என்று சொல்லிவிடுங்கள். இரண்டும் சரி.

ஆனால் திருப்பிக் கேட்காதீர்கள். நீங்கள் சொன்னதும் 'நான் இது', 'நான் அது' என்று வட்டமாக ஒவ்வொருவரும் சொல்லத் தொடங்கினால் அந்த இடத்திலேயே பேச்சை மாற்றுங்கள். வட்டம் சுற்றி வரும்போது அதில் ஒரு பிள்ளை பொய் சொல்ல வேண்டியிருக்கும்.